சுவரில் ஒட்டிய அட்டவணை

பார்சலோனாக்காரர் நிவாரணமாக அனுப்பிய கணினி கற்றலான் மொழியில்தான் கண் திறந்தது. திருகோணமலைத் துறைமுகத்தடி அகதி உதவி அலுவலகத்தின் இணைப்பாளர் சிவகாமிப்பிள்ளை ஐயாவுக்கு அது பதவியுயர்வு கிடைத்த மாதிரி. மூன்று மாதம் மினைக்கெட்டு ஆங்கிலம், கற்றலான், தமிழ் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். மெமரி, மெமோரியா, நினைவகம். ஹார்ட் டிஸ்க், டிஸ்க் டூர், வன்தட்டு.

“நினைவகத்தில இருக்கிறது கரண்ட் போனாப் போயிடும். வன்தட்டில இருக்கிறது நிக்கும்.” கூடாரம் கேட்டு வந்த அகதிக்கும் இதை விளக்கித்தான் அனுப்பினார்.

அன்று காலை அலுவலகத் தட்டச்சுக்காரி ராசமலர் நாற்பத்து மூன்று பெயர்களைத் தட்டி முடித்திருந்தாள். வெருகல் பக்கமிருந்து ஓடிவந்தவர்கள் சொன்ன, காணாமற்போன உறவினரின் பெயர்கள். முப்பத்தோராவது அவளுடைய அண்ணன் கதிராமன். மூன்று மணிக்கு வெளிநாட்டுக் கண்காணிப்பு அதிகாரி வந்து பட்டியலை வாங்கிக்கொண்டு கப்பலேறுகிறார். மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. இராணுவச் சுற்றிவளைப்பில் அகப்படக்கூடாதென்று, பெயர்களைக் குறித்த காகிதத் துண்டுகளைத் தட்டி முடிந்த கையோடு சிவகாமிப்பிள்ளை குசினி அடுப்பில் எரித்துவிட்டார்.

“சேர், சேமிக்கட்டோ?”

“பொறும் பிள்ளை. நான் பாராமல் அந்தப் பொத்தானில கை வைக்கக்கூடாது. போனமுறை எங்கட மற்றப் பொடியன் அஸீம் என்ர அட்டவணைக்கு மேல கூடார லிஸ்ற்றைச் சேமிச்சு, அட்டவணையை அழிச்சவன்.”

அவர் ‘ஸ்ரோறேஜ்’ என்பதற்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தார். சேமிப்பகமா, தேக்ககமா?

“சேர்...”

“ஓம், ஓம். வாறன்.”

கடற்படைத்தளப் பக்கம் ஷெல் விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மின்விசிறி நின்றது. திரை கறுத்தது.

அரை மணித்தியாலத்தில் மின்சாரம் வந்தது. பெயர்கள் வரவில்லை.

“டிஸ்க் டூரில தேடிப் பாரும்.”

“வைச்சாத்தானே சேர் இருக்கும். நீங்கள்தானே சொல்லுறனீங்கள்.”

அவர் போய் அட்டவணையில் வன்தட்டு வரியை மறுபடி வாசித்தார். பெயர் சொன்ன குடும்பங்களோ விடியவே வேறு முகாமுக்கு லொறியேறிவிட்டன. பாதையும் மூடியாயிற்று.

ராசமலர் எழுந்து அட்டவணையைச் சுவரிலிருந்து கிழித்தாள்.

“பிள்ளை! மூண்டு மாசம்!”

அவள் அதைத் திருப்பிப்போட்டு, முதலில் கதிராமன் என்று எழுதினாள். “துண்டுகளை எரிக்கேக்க நீங்களும் பெயருகளைப் பார்த்திருப்பீங்கள். சொல்லுங்கோ சேர்.”

“நான்... வாசிக்கேல்லைப் பிள்ளை.”

அவளுக்குப் பத்தொன்பது பெயர்கள் நினைவுக்கு வந்தன. இருபதாவதுக்கு அதைச் சொன்ன பெண்ணின் முகம் வந்தது, மடியில் இருமிய குழந்தை வந்தது, அவளின் புருஷன் பச்சைச் சைக்கிளில் மீன் விற்கப் போனது வந்தது. பெயர் மட்டும் வரவில்லை.

வாசலில் கண்காணிப்பு அதிகாரியின் ஜீப் ஹோர்ன் அடித்தது.

‘பச்சைச் சைக்கிளில் போனவர்’ என்று எழுதிவிட்டு, அவள் இருபத்தோராவது இலக்கத்தைப் போட்டாள்.