நடீன் கூப்பிடவில்லை

கார்புரேட்டரின் வாயில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றிவிட்டு டார்லா நிமிர்ந்து பார்த்தாள். முன்னறைச் சன்னல் திறந்தே இருந்தது. உள்ளே, சன்னலோரம் இழுத்துப் போட்ட கட்டிலில் அப்பா வெர்லின் மூக்குக்கண்ணாடியோடு படுத்திருந்தார். கண்ணாடி எதற்கு என்று காலையில் நர்ஸ் கேட்டாள். அது இல்லாவிட்டால் காது சரியாகக் கேட்காது என்றார். சிரித்துக்கொண்டே வெளியே வந்த நர்ஸ், சமையலறையில் குரலைத் தாழ்த்தி, இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு என்றாள்.

கார் அறுபத்தொன்பதாம் வருஷத்துச் செவெல். வெர்லின் காலமெல்லாம் வேலை பார்த்த ஆலையில் பிறந்தது. ஆலையிலிருந்து வந்தபடியே அதை மீட்டெடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. டார்லாவோ எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை மாற்றி, முரட்டு ரகம் ஒன்றைப் போட்டுச் சக்தியைக் கூட்ட நினைத்தாள். இண்டிபெண்டன்ஸ் ஊரில் அந்தச் சண்டையைக் கேட்காத அண்டைவீடு கிடையாது. போன இலையுதிர் காலத்தில் அவர் கையால் ஸ்பேனரைத் தூக்க முடியாமல் போனபோதுதான் அவள் ஜெயித்தாள்.

அப்போதும் வெர்லின் விடவில்லை: "ஆலையில நாங்க போட்டு அனுப்புனது உனக்குப் பத்தலையாக்கும்? பாரு, வண்டி நிக்கும்போது எஞ்சின் கிழட்டுக் குதிரையாட்டம் நொண்டப்போவுது."

போன வாரம் அவரே கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த நொண்டலை ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்டி."

ஆனால் நொண்டல் உடனே கேட்காது. புதுக் கேம் போட்ட எஞ்சினை முதல்முறை கிளப்பினால், கார் நின்ற இடத்திலேயே மிதியை அழுத்தி, இருபது நிமிடம் வேகமாகவே ஓடவிட வேண்டும். நடுவில் காலைத் தளர்த்தினால் கேம் தேய்ந்து பாழாகிவிடும். அந்த வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். டார்லா பள்ளிக்கூடம் போன காலத்தில், வெர்லின் இப்படி ஒரு எஞ்சினைப் பழக்கிக்கொண்டிருந்தபோது, சாப்பாடு ஆறுகிறது என்று அம்மா நடீன் வாசலில் நின்று கூப்பிட்டாள். அவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டிலிருந்த மீட்லோஃப் இறைச்சியைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் கேம் போயிருந்தது. அன்றிலிருந்து நன்றிநாள் விருந்துதோறும் வான்கோழியோடு இந்தக் கதையும் மேசைக்கு வரும். நடீனும் விடமாட்டாள்: "பொண்டாட்டி பேச்சைக் கேட்டதே அந்த ஒரு நாள்தான். அதையும் சொல்லிக் காட்டுறாரு மனுஷன்."

டார்லா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது. மிதியை அழுத்தி, எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளை இரண்டாயிரத்துக்கு மேல் நிறுத்தினாள். டாஷ்போர்டின் மேல் அம்மாவின் சமையலறை டைமர் ஓடிக்கொண்டிருந்தது. புதுப் புகைக்குழாய்களில் பெயிண்ட் தீயும் வாசனை. எதிர்வீட்டில் யாரோ திரையை விலக்கிப் பார்த்தார்கள்.

டைமர் பாதியைத் தாண்டியபோது நடீன் வெளியே வந்து படியில் நின்றாள்.

டார்லாவின் கால் தானாகத் தளர்ந்தது. முள் சரிந்தது. நடீன் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவசரமில்லாமல் இறங்கி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையில் வெர்லினின் கண்ணாடி மடித்தபடி இருந்தது. காதருகே குனிந்து சொன்னாள்:

"நான் கூப்பிட வரலை."

டார்லாவுக்குப் புரிந்தது. முள்ளைப் பழைய இடத்துக்கு ஏற்றினாள்.

"கேட்டாராம்மா?"

"பிடிச்சுக்கிச்சுன்னாரு. என் உள்ளங்கையில தட்டிக்கிட்டே இருந்தாரு, எஞ்சின் கூடவே. அது நின்னப்புறம்தான் கண்ணாடியைக் கழட்டினேன்."

நடீன் கண்ணாடியை டாஷ்போர்டில் டைமருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

டைமரின் முள் முடிவுக்கு வந்தது. அந்த இரைச்சலில் மணி கேட்கவில்லை. டார்லா காலை மெதுவாக எடுத்தாள். கார் ஒருமுறை குலுங்கி, தணிந்து, நொண்டத் தொடங்கியது. ஓர் அடி, ஓர் இடைவெளி, அடுத்தடுத்து இரண்டு அடி. திறந்த சன்னலின் திரை லேசாக அசைந்தது.

சாவியை இருவருமே தொடவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணாடி டாஷ்போர்டின் விளிம்பை நோக்கி நகர்ந்தது. நகரும்போதெல்லாம் நடீன் அதை ஒரு விரலால் உள்ளே தள்ளிவிட்டாள்.