வீட்டுக்குப் புது டயர்

மகள் அபிகாயில் போனில் அழுதுகொண்டே சொன்னதை நான் முழுவதும் கேட்கவில்லை. பிரசவம் வரைக்கும் படுத்தே இருக்க வேண்டும், இத்தனை தூரம் ரயிலும் காரும் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். எனக்கு அது போதும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பதில் எங்கள் குடும்பத்தில் பேச்சுக்கே இடமில்லை. அவள் இருப்பதோ கர்னூலில், மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். மருமகன் ஜெபஸ்டினுக்கு அம்மா இல்லை. அவன் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டால் இவளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் கிடையாது. போன வருஷம் ஒன்று வயிற்றில் தங்காமல் போனது. அதற்குப் பிறகு வந்த பிள்ளை இது.

"நீ வர முடியலன்னா இன்னா? வூடு அங்க வரும்," என்றேன்.

"வூடு எப்டிம்மா வரும்?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"வரும். போன வெச்சிட்டு படு."

சொன்ன பிறகு யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்களிடம் சக்கரம் வைத்த வீடு ஒன்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் நேசகுமார் ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றதும், சென்னையில் ஷூட்டிங்குக்கு ஓடிக் களைத்த கேரவன் ஒன்றை வாங்கி வந்தார். பஸ் அளவுக்கு நீளம். உள்ளே கட்டில், அடுப்படி, கக்கூஸ், சுற்றிலும் பல்பு வைத்த ஒரு கண்ணாடி. ஊர் ஊராகப் போகலாம் என்றார். சர்ச் கன்வென்ஷன் கூட்டம் இரண்டுக்குப் போனதோடு சரி. அதன்பின் கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் வண்டி வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. வாரம் ஒருமுறை நான் ஸ்டார்ட் செய்து முன்னும் பின்னும் நகர்த்துவேன். பல வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டிய கை இது, சும்மா இருக்காது. கனரக வண்டி லைசென்சும் என்னிடம்தான் இருக்கிறது. ஊரில் என்னை இன்னும் 'வேன் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

டாக்டரம்மா சொன்னதின் மீதியை ஜெபஸ்டின் பிறகு சொன்னான். நாற்காலியில் உட்காரவைத்து ஒரே ஒரு தடவை கீழே இறக்கலாம், ஆஸ்பத்திரிக்கு அருகில் படியில்லாத இடமாகப் பாருங்கள் என்றாராம். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே அவர்கள் சர்ச். அந்த காம்பவுண்டில் வண்டி நிறுத்த பாஸ்டர் ஒப்புக்கொண்டார். இனி வண்டி போய்ச் சேர வேண்டும், அதுதான் பாக்கி.

மறுநாள் காலையில் நேசகுமார் வண்டியைச் சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

"பட்டன் தேயாம அப்டியே கீது தபிதா. ஓடவே இல்லியே. இன்னும் ஒரு லட்சம் ஓடும்."

பார்வைக்கு அவர் சொன்னது சரிதான். டயர் கரிய நிறத்தில் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வந்தால் மனுஷன் வாசலில் நட்சத்திரம் கட்டுவார், சுவருக்கு வெள்ளை அடிப்பார், அதே கையோடு டயருக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பார். வண்டி ஓடாவிட்டாலும் வண்டிக்கும் பண்டிகை. நான் சமையலறையிலிருந்து தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துவந்து டயரின் பக்கவாட்டில் ஓர் இடத்தைத் தேய்த்தேன். பெயின்ட் உரிந்ததும் பித்தவெடிப்பு விழுந்த குதிகால் போல வெடிப்புகள் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் தேய்த்ததும் டயர் செய்த வருஷம் வந்தது. எங்கள் அபி காலேஜில் சேர்ந்த வருஷம் அது.

"ஓடாம நின்னாலும் ரப்பருக்கு வயசு ஆவுதுங்க," என்றேன். "சித்திர வெயில்ல கடப்பா ரோட்டுல இது வெடிச்சா யாரு பொறுப்பு?"

அவர் உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுண்டிப்போனது. பெயின்ட்டை அத்தனை ஆசையாக அடித்திருக்கிறார், பாவம். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் அதைச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

கனகம்மாசத்திரத்தில் கோதண்டத்தின் டயர் கடைக்குப் போனோம். ஸ்கூல் வேன் காலத்திலிருந்து அவர்தான் எனக்கு டயர் போடுகிறார். அந்தக் காலத்திலிருந்தே எங்களுக்குள் சண்டை. அவர் முதலில் காட்டியது ரீட்ரெட், பழைய டயருக்கு மேலே புதுப் பட்டன் ஒட்டியது.

"மணல் லாரிக்காரங்க எல்லாம் இதான் போட்டுகினு ஓட்றாங்க, அக்கா."

"மணலு புள்ளத்தாச்சி இல்ல கோதண்டம். புதுசு காட்டு."

புதியதில் இரண்டு வகை வைத்திருந்தார். ஒன்று சாதாரணமானது, உடனே கிடைக்கும். இன்னொன்று கூடுதல் சுமை தாங்குவது. ஆனால் அதைத் திருவள்ளூரிலிருந்து வரவழைக்க வேண்டும்.

"வண்டி எவ்ளோ வெயிட்டு, அக்கா?"

"ஆர்சி புக்ல போட்டுக்கீதே. அதுக்கு இந்தச் சாதா டயரே தாராளம். நாங்க போறதே ரெண்டு பேரு," என்றேன். குரலில் துளி சந்தேகம் இல்லை.

"புக்ல இருக்கறது காலி வண்டி. கட்டில், பீரோ, தண்ணி டேங்க் எல்லாம் அப்புறம் வெச்சது. நீங்க எப்டி போவப் போறீங்களோ அப்டியே எல்லாத்தையும் ஏத்திகினு எட மேடைக்கு வாங்க. அப்புறம் பேசலாம்."

வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் சரி என்றேன். எடை போட்டு அவர் வாயை அடைக்கலாம் என்ற எண்ணம்.

விஷயம் சர்ச்சில் பரவியதும் சாமான் வர ஆரம்பித்தது. பெண்கள் ஐக்கியத்தின் தலைவி ஞானம்மாள் தாயும் பிள்ளையும் குளிக்க வெந்நீர் போட ஒரு செப்பு அண்டா கொண்டுவந்தார். புஷ்பலதா தொட்டில் கொடுத்தாள், அதுவும் இரும்புத் தொட்டில். பத்திய மருந்து அரைக்க மிக்சி ஆகாது என்று நானே எங்கள் அம்மியை ஏற்றினேன். கருப்பட்டி, உளுந்து, நல்லெண்ணெய் டின், விறகு. மூன்று மாதம் தங்க வேண்டுமே என்று அரிசி மூட்டைகள். ஊர் மாறினால் தண்ணீர் சேராது என்று டேங்க் நிறைய நம் தண்ணீர், அது போதாதென்று இரண்டு டிரம். எல்லாவற்றையும் இடது பக்கம் வாசலோரமாகவே அடுக்கினோம். வலது பக்கம் அபியின் கட்டில். பிள்ளைத்தாய்ச்சி படுக்கும் கட்டிலுக்கு அடியில் ஒரு சாமானும் இருக்கக் கூடாது, காற்று ஓட வேண்டும் என்று ஞானம்மாள் உத்தரவு போட்டிருந்தார்.

கரும்பு லாரிகள் எடை போடும் மேடைக்குப் பழைய டயரிலேயே மெதுவாக ஓட்டிப் போனேன். கோதண்டம் தன் பைக்கில் பின்னாலேயே வந்துவிட்டார். முதலில் வண்டி முழுவதையும் ஏற்றினோம். பிறகு அவர் சொன்னபடி இடது பின்சக்கரத்தை மட்டும் ஏற்றினேன். மேடைக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, உள்ள கரும்பு கீதா?"

இடது பின்சக்கரத்துக்கு வந்த சுமை, நான் தாராளம் என்று சொன்ன டயர் தாங்குவதைவிடக் கூடுதல். திருவள்ளூர் டயரே கூட அதற்குப் போதாது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதை அதுவரை நான் கவனிக்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து இறங்கி வந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. நான் ஒத்துக்கொள்கிறேன், பயந்துவிட்டேன். இதே சுமையோடு அந்தச் சாதா டயரைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தால் என் மகளைப் பார்க்காமலே வழியில் கிடந்திருப்போம்.

"காத்து கொஞ்சம் ஏத்தி அடிச்சிக்கலாம் அக்கா," என்றார் கோதண்டம், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

"வாணாம். சுமைய எறக்கறேன்," என்றேன்.

"புள்ளத்தாச்சிக்குன்னு குடுத்தத திருப்பினா மனசு கஷ்டப்படுவாங்களே," என்றேன் அடுத்த மூச்சிலேயே. நானே சொல்லி நானே மறுத்தேன். எங்கள் பக்கம் அப்படிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். திருப்பினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். வேதம் படிக்கிற வீடுதான், ஆனாலும் போன வருஷத்துக்குப் பிறகு எனக்கு எதிலும் துணிச்சல் வரவில்லை.

நேசகுமார் வண்டிக்குள் ஏறினார். கூட்ஸ் வண்டி பார்த்த மனுஷன், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். அரிசி மூட்டையிடம் வந்ததும் நின்றார்.

"தபிதா. நாம எந்த ஊருக்குப் போறோம்?"

"கர்னூலுக்கு."

"கர்னூலுக்கு அரிசி ஏத்திகினு போறோம்."

கோதண்டம்தான் முதலில் சிரித்தார். திருத்தணி மளிகைக் கடைகளில் நாங்கள் கேட்டு வாங்குவதே கர்னூல் அரிசி. மூட்டையில் இருந்ததும் அதுதான். மேடைக்காரர் வெளியே வந்து என்ன விஷயம் என்று கேட்டு அவரும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்து, அது பாதி வழியிலேயே சிரிப்பாகிவிட்டது.

அதன்பின் வேலை சுலபமாயிற்று. அரிசியும் உளுந்தும் ஞாயிற்றுக்கிழமை அபி பெயரில் சர்ச்சில் எல்லாருக்கும் சாப்பாடாகப் போனது. கொடுத்தவர்களே உட்கார்ந்து சாப்பிட்டதால் திருப்பியதாக ஆகவில்லை. டிரம் இரண்டும், விறகும், அம்மியும் வீட்டில் நின்றன. இரும்புத் தொட்டில் லாரி சர்வீசில் தனியாகக் கிளம்பியது. செப்பு அண்டா மட்டும் அபியின் கட்டிலுக்கு அடியில், வலது பக்கம். ஞானம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"காத்து ஓடாது தபிதா."

"அண்டாவுக்குள்ள ஓடும்க்கா."

மறுபடி எடை போட்டோம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்தது. இந்தச் சுமைக்குச் சாதா டயரும் தாங்கும் என்று மேடைக்காரர் சொன்னார். தாங்குவது வேறு, மூச்சுத் திணறாமல் தாங்குவது வேறு. திருவள்ளூர் டயர்தான் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை கோதண்டத்தோடு சண்டை இல்லாமல் ஒத்துப்போனேன். அது அவருக்கே பொறுக்கவில்லை போல, வந்த டயர்களில் ஒன்று மட்டும் பழைய வருஷத்தில் செய்ததாக இருந்தது. நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து அதை உருட்டி ஓரம் வைத்தேன்.

"ஒண்ணுதானே அக்கா. ஸ்டெப்னிக்கு வெச்சிக்கலாம்."

"ஸ்டெப்னி எதுக்கு? ஆளில்லாத காட்டுல மாட்டறதுக்கு. அதுக்குப் போயி பழசா? மாத்திக் குடு."

முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"உங்களுக்கு வழக்கமில்ல, தெரியும் சார். ஆனா இது என் கடையிலருந்து போற வண்டி."

நேசகுமார் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தார். பிரயாணத்துக்கு, டயருக்கு, ஓட்டுகிறவளுக்கு, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு. கோதண்டம் திருத்தணி மலைக்கோயில் இருக்கும் பக்கம் பார்த்துக் கைகூப்பி நின்றார். ஆமென் வந்ததும் எனக்குக் கையைக் காட்டினார். நான் வண்டியை எடுத்தேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

விடியற்காலையில் கிளம்பினோம். நகரி தாண்டி, புத்தூர் தாண்டி, வெயில் ஏறுவதற்குள் ரேணிகுண்டா. நிறுத்துகிற இடத்திலெல்லாம் இறங்கி, புறங்கையால் ஒவ்வொரு டயரையும் தொட்டுப் பார்த்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்போமே, அப்படித்தான். கடப்பா தாண்டியதும் தார் ரோட்டிலிருந்து அனல் எழும்பியது. ஓரத்தில் ஒரு லாரி டயர் கிழிந்து, ரப்பர் துண்டுகள் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. நேசகுமார் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனிமே டயருக்குப் பெயின்ட் அடிக்க மாட்டேன் தபிதா."

"அடிங்க. நான் தேச்சிப் பாத்துக்கறேன்."

சாயங்காலம் சர்ச் காம்பவுண்டுக்குள் வண்டியைத் திருப்பி, ஆஸ்பத்திரி வாசல் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். நேசகுமார் நாலு பக்கமும் நடந்து பார்த்து, சக்கரங்களுக்குக் கல் வைத்தார். நான் அடுப்பைப் பற்றவைத்து ரசத்துக்குப் புளி கரைத்தேன். வீடு என்றால் உள்ளே நுழைகிறபோது ஏதாவது ஒரு வாசனை வர வேண்டும்.

ஜெபஸ்டினும் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பையன்களும் அபியை நாற்காலியோடு தூக்கி மாடியிலிருந்து இறக்கி, ஒரு காரில் மெல்லக் கொண்டுவந்தார்கள். என் பெண் இளைத்திருந்தாள். வயிறு மட்டும்தான் இருந்தது. வண்டிக்குள் கட்டிலில் சாய்ந்து படுத்தாள். பல்புக் கண்ணாடியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், ரசத்தை மூக்கால் இழுத்தாள். அவள் அப்பா கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

"நைனா, அம்மி எங்க?" என்றாள்.

"வெயிட்டும்மா. வுட்டுட்டு வந்துட்டோம்."

ஜெபஸ்டின் வண்டி வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "அத்தை, டெலிவரி ஆனதும் கொழந்தையோட எப்ப கிளம்பறது? வழக்கப்படி அவ தாய்வீட்டுல மூணு மாசமாவது இருக்கணுமே. அதான், லீவு சொல்லணும்."

எனக்குப் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. என்றைக்கும் இருக்கும். ஆனால் கட்டிலிலிருந்து அபிதான் முந்திக்கொண்டாள். கண்ணை மூடியபடியே, தூக்கம் பாதி கலந்த குரலில் பேசினாள்.

"எங்கங்க கிளம்பறது? நான் தாய்வூட்லதான கீறேன்."

அது நான் சொல்ல வேண்டிய பேச்சு. ரசம் பொங்கியது. அடுப்பை அணைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பி அழுதேன்.