கரண்ட் கட் குழுவின் ஒரே பாட்டு

பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போடும் பிரவீனாவுக்குக் காலையிலிருந்து கடை சாத்தும்வரை வாயில் ஒரே பேச்சுதான்: "உக்காருங்கமா." வருகிறவர்கள் மெத்தையில் சாய்ந்து உட்காருவார்கள். இவள் நிற்பாள். விற்கிற பெண்களும் உட்காரலாம் என்று சட்டமே வந்துவிட்டதே என்று ஒருநாள் கேட்டதற்கு, முதலாளி கலைவாணன், "சட்டம் இருக்குதுமா, இடந்தான் இல்ல," என்று சிரித்தார். மகராசன், சிரிப்புக்கு மட்டும் குறை வைத்ததில்லை.

அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் 'கரண்ட் கட்' என்கிற பாட்டுக்குழு. கீபோர்டு கிறிஸ்டோபர், பிரவீனாவின் சித்தப்பா மகன், சர்ச்சில் வாசிப்பவன். கிட்டார் ஸுதர்சன், சின்னக் காஞ்சிபுரத்துப் பையன். பங்க் ராக் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை இவர்களுக்குச் சொன்ன புண்ணியவான். "பங்க்னா நல்லா வாசிக்கக் கூடாது, கோபமா வாசிக்கணும்," என்பான். பாவம், பாசுரம் சொல்லி வளர்ந்த பிள்ளை, தலைகீழாக நின்றும் அவனுக்குச் சுருதி விலகவில்லை. கிறிஸ்டோபரின் எலக்ட்ரானிக் தாளத்தில் எங்கே அமுக்கினாலும் கிறிஸ்துமஸ் மணி கேட்டது. பிரவீனாவுக்குத்தான் ஒரு சிரமமும் இல்லை. வாயைத் திறந்தால் தொண்டை கிழியக் கத்தல் வந்தது. "உக்காருங்க, உக்காருங்க, எங்காலு செத்துப்போச்சு, நீங்க உக்காருங்க." பாட்டே அவ்வளவுதான்.

ஏனாத்தூரில் ஒரு கல்லூரி விழாவில் மேடை கிடைத்தது. மைக்கைப் பிடுங்குவார்கள், போலீஸ் வரும் என்றெல்லாம் ஸுதர்சன் ஆசையாகக் காத்திருந்தான். பிரவீனாவின் ஆசை வேறு. இது கலைவாணன் காதுக்குப் போக வேண்டும், அந்த மனுஷனுக்கு உறைக்க வேண்டும், வேலை போனாலும் போகட்டும். மாணவர்களோ ஒன்ஸ் மோர் கேட்டு ஆடித் தீர்த்தார்கள். யாரோ எடுத்த வீடியோ மறுநாளே பட்டுக்கடைக்கு வந்து சேர்ந்தது.

கலைவாணன் மூவரையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் நாற்காலிகள் இருந்தன. பையன்கள் உட்கார்ந்தார்கள், பிரவீனா பழக்கத்தில் நின்றுவிட்டாள்.

"இன்னா குரல்மா உனக்கு. கஸ்டமர இவ்ளோ ஆசையா யாரு கூப்புடுவா? தீபாவளி விளம்பரத்துக்கு இதான் பாட்டு. அந்தக் காலு சமாச்சாரத்த மட்டும் எடுத்துடலாம்."

கிறிஸ்டோபர் தலையாட்டினான். டிவியில் வரும் என்றதும் ஸுதர்சனின் புரட்சியும் தலையாட்டியது.

"உனக்கு இன்னாமா வோணும்?"

"ஸ்டூலு சார். நாங்க உக்கார."

"அவ்ளோதானா? விளம்பரத்துல ஒரு ஸ்டூலு போட்டுடலாம்."

ஷூட்டிங் முடிந்தாலும் ஸ்டூல் கடையில்தானே கிடக்கும் என்று கணக்குப் போட்டுச் சம்மதித்தாள் பிரவீனா. சென்னையிலிருந்து வந்த மாடல் பெண் அதில் உட்கார்ந்து, பிரவீனாவின் குரலுக்கு அழகாக வாயசைத்தாள். அதைத் தட்டிக் கேட்காமல் வாசித்துக்கொண்டிருந்த பையன்கள் இருவரிடமும் அன்றோடு பிரவீனா பேச்சை நிறுத்திக்கொண்டாள். குழுவும் அன்றோடு சரி. ஊரில் நிஜக் கரண்ட் கட்டே அதைவிட அதிக நேரம் நீடித்திருக்கிறது.

ஸ்டூல் கடையிலேயேதான் இருந்தது. கஸ்டமர்கள் கைப்பையை வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்றார் கலைவாணன்.

தீபாவளிக் கூட்டத்தில் ஸ்பீக்கர் ஓயாமல் பாடியது. மாகறலிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வந்த அம்மாள் ஸ்டூலில் பையை வைத்தபடி கேட்டாள்: "பாட்டு சூப்பரா இருக்குதுமா. யாரு பாடுனது?"

நான்தான் என்று சொல்லத்தான் பிரவீனா வாயைத் திறந்தாள். பழகிய வாய் முந்திக்கொண்டது.

"உக்காருங்கமா," என்றாள்.