பெட்டி இல்லாத மேசை

மேசை வந்த அன்றே என் மனைவி அதன் பெட்டியை வெட்டிவிட்டாள். கோளாறு அங்கேதான் தொடங்கியது என்று நிறுவனத்தார் கடைசிவரை சாதித்தார்கள். கோளாறு பலகையில் என்று அவள் சாதித்தாள்.

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. முழங்கால் தேய்ந்துவிட்டதால் இனித் தரையில் உட்கார்ந்து துணி வெட்டவே கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். நின்றபடி வெட்டுவதற்கு நீளமான கட்டிங் டேபிள் ஒன்றை இணையத்தில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு பேர் மூச்சிரைக்கத் தூக்கிவந்து மாடியில் இறக்கிவிட்டுப் போனார்கள். நான் கால்களைத் திருகி மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் பெட்டியைப் பிரித்துச் சுவரில் சாத்தித் தட்டிப் பார்த்தாள். நல்ல கெட்டி அட்டை. தையல்காரர் வீட்டில் அப்படியோர் அட்டை குப்பைக்குப் போனதாகச் சரித்திரம் கிடையாது. கடைசிக் காலை முடுக்கிவிட்டு நான் நிமிர்வதற்குள் அது சட்டைக் கையாகவும் முதுகாகவும் கழுத்துப்பட்டையாகவும் மாறி ஆணியில் தொங்கியது. இனி அந்த அளவில் துணி வெட்டும்போதெல்லாம் அட்டையை வைத்துக் கோடு போட்டால் போதும்.

அதற்குப் பிறகுதான் மேசைமேல் நூல்கண்டை வைத்தாள். அது தானாக உருண்டு நடுவில் போய் நின்றது. எந்த ஓரத்தில் வைத்தாலும் நடுவுக்கே ஓடியது. அளவுகோலைக் குறுக்கே போட்டபோது அதற்கும் பலகைக்கும் இடையில் என் விரல் தாராளமாக நுழைந்தது. இதில் துணியை மடித்துப் போட்டு வெட்டினால் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று வரும்.

படம் எடுத்து அனுப்பினோம். திரும்ப எடுத்துக்கொண்டு வேறு தருவதாகப் பதில் வந்தது. கெடு முடிவதற்குள் பொருள் கைமாறாவிட்டால் கோரிக்கை தானாகவே ரத்தாகிவிடும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ரத்தானால் அந்தப் பள்ளப் பலகை எங்கள் தலையில். முன்னறையை அடைத்துக்கொண்டு அது நிற்கும், அவள் மறுபடி தரையில் உட்கார வேண்டியதுதான்.

கூரியர்காரர் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். வந்ததும் பெட்டியைக் கேட்டார். அவள் சுவரைக் காட்டினாள். அவர் ஆணி ஆணியாகப் பார்த்துக்கொண்டே போய் ஒரு முதுகு அட்டையைத் திருப்பினார். நிறுவனத்தின் முத்திரை பாதி இருந்தது.

"அக்கா, பெட்டியைச் சட்டையாக்கிட்டீங்களே."

"இன்னும் ஆகல தம்பி. உங்க மேசை ஒழுங்கா இருந்திருந்தா ஆகியிருக்கும்."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் தன் கையில் ஒன்றுமில்லை என்றார். பார்சலின் நான்கு பக்கமும் படம் எடுத்து ஏற்றினால்தான் செயலி அடுத்த படிக்கு நகருமாம். பெட்டி இல்லாமல் எடுத்துப்போனால் கிடங்கில் அவரைத்தான் கேட்பார்களாம். ஓடிபி எண்ணைச் சொன்னால் இந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவதாகச் சொன்னார்.

வாசலில் ஆளை நிறுத்திவைப்பது எனக்கு எப்போதுமே சங்கடம். கைப்பேசியை எடுத்து எண்ணைப் படிக்க வாயைத் திறந்தேன். அவள் என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டு, என்னவென்று போட்டு முடிப்பீர்கள் என்று அவரைக் கேட்டாள். வாடிக்கையாளரே வேண்டாம் என்றுவிட்டதாக, என்று அவரும் ஒளிக்காமல் சொன்னார்.

"நான் எங்க வேண்டாம்னேன்? மேசை வண்டியில ஏறட்டும், நம்பர் தர்றேன். ஏறாம நம்பர் கிடையாது."

அவர்கள் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. வீடு பூட்டியிருந்ததால் பொருளை எடுக்க இயலவில்லையாம். வண்டி இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. அவள் சன்னலிலிருந்து வண்டியையும் செய்தியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பூட்டின வீட்டுக்குள்ள உக்காந்துதான் இதப் படிச்சிட்டிருக்கேன் போல" என்றாள்.

நான் மருந்து மொத்தக் கடை ஒன்றில் சரக்கு பார்ப்பவன். காலாவதியான மருந்தைத் திருப்பி அனுப்புவது என் அன்றாட வேலை. பெட்டி கசங்கியிருந்தால் வேறு பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பேன். அந்தப் பழக்கத்தில், குளிர்சாதனப்பெட்டி விற்கும் கடையில் காலிப் பெட்டி கேட்டு வாங்கி, வெட்டி ஒட்டிவிடலாம் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெட்டி வாங்கிப் போட்டா, பெட்டி இல்லாததுதான் தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் ஒத்துக்க மாட்டேங்க."

மறுநாள் நிறுவனத்துக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லிப் போட்ட இசையைக் கேட்டுக்கொண்டே ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்து முடித்தாள். பேசிய பெண் பெட்டி அவசியம் என்றாள். மேலாளர் வந்து அதையே இன்னும் மரியாதையாகச் சொன்னார். மேசையை வைத்துக்கொண்டால் அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்றார். நான் தலையசைத்துச் சைகை காட்டினேன், போதும், வாங்கிக்கொள் என்று. அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

அவர்களுடைய விதிகளையே எடுத்து அவள் நிதானமாகப் படித்தாள். மனம் மாறித் திருப்பித் தருகிறவர்கள் பெட்டியோடு தர வேண்டும். பழுதாக வந்த பொருளுக்குப் பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொடுத்த இடத்திலிருந்தே தங்கள் செலவில் எடுத்துக்கொள்வதாக மட்டும் இருந்தது. மேலாளர் கொஞ்சம் தடுமாறி, அதெல்லாம் சரிதான், ஆனால் கூரியரில் பெட்டியில்லாமல் தூக்க மாட்டார்கள் என்றார்.

"கூரியர் நீங்க வெச்ச ஆளு, நான் வெச்ச ஆளு இல்ல. அவருக்குப் பெட்டி வேணும்னா நீங்க அனுப்பிவையுங்க. இல்லன்னா பலகை பள்ளம்தான், ஆனா பெட்டி இல்லாததால எடுக்க மாட்டோம்னு எழுதிக் குடுங்க. வீடு பூட்டியிருந்துச்சுன்னு யார் பார்த்தாங்கன்னும் சேர்த்து எழுதுங்க."

பார்க்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். அன்றைக்கே அவள் சொல்லச் சொல்ல நான் நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினேன். பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன் என்று முடித்திருந்தேன். அவள் வேண்டிக்கொள்கிறேன் என்பதை அடித்துவிட்டுக் கேட்கிறேன் என்று போட்டாள். பணிவை மட்டும் போனால் போகிறது என்று விட்டுவைத்தாள். நகல் நிறுவனத்துக்கும் போனது.

கெடு முடிவதற்கு முந்தின நாள் அதே கூரியர்காரர் வந்தார். பெட்டி இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு. உத்தரவு மாறினாலும் செயலி மாறவில்லை. நான்கு பக்கப் படம் அதற்கு வேண்டும். வெறும் மேசையை எடுத்தால் ஏற்குமா என்று அவர் தலையைச் சொறிந்தார். நான் பழக்கதோஷத்தில் ஆணியில் தொங்கிய அட்டைகளை நோக்கிக் கையை நீட்டினேன்.

"அதுல கை வைக்காதீங்க. அது என்னோடது."

பழைய படுக்கை விரிப்பு இரண்டை எடுத்து, கழற்றிய மேசையைச் சுற்றி, நின்றபடியே கோணியூசியால் நெருக்கித் தைத்தாள். பிறகு துணியில் குறியிடும் நீலச் சாக்கட்டியை எடுத்தாள். ஒரு பக்கம், பலகை பள்ளம். மறு பக்கம், வீடு பூட்டியிருக்கவில்லை. அடுத்ததில், பெட்டி தர வேண்டியது நாங்கள் இல்லை. நான்காவதில் ஆர்டர் எண்.

"எடுங்க தம்பி, நாலு பக்கமும் தெளிவா விழணும்."

அவர் இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் முகத்தைச் சுருக்கினார். அன்றைக்குச் செயலியில் அப்படித் தட்டியது தான்தான் என்றும், வேறு காரணம் போட்டால் மறுபடி அந்த மாடியை ஏற வைப்பார்கள் என்றும் முணுமுணுத்தார். பரவாயில்லை, இதையும் படம் எடுங்கள் என்றாள். எடுத்தார். செயலி ஏற்றுக்கொண்டது.

மேசை படியிறங்கி, வண்டியில் ஏறி, கதவு சாத்தும்வரை அவள் சன்னலில் நின்றாள். அதன் பிறகே ஓடிபியை ஒவ்வோர் எண்ணாகத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

புது மேசை அடுத்த வாரம் வந்தது. கொண்டுவந்தவரும் அவரே.

"அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், பலகையைப் பார்த்துட்டு அப்புறமா பெட்டியில கை வையுங்க."

"பலகை சரியில்லன்னா பெட்டியில்லாமதான் தருவேன். நீங்களும் எடுத்துட்டுப் போவீங்க."

அவர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் முதலில் பெட்டியை வெட்டினாள். கால்சட்டை அளவு இரண்டு. அதன் பிறகுதான் நூல்கண்டைத் தேடினாள்.