மூன்று தடவை எழுப்பும் மேஸ்திரி

அன்று அறையில் இருந்தவர்கள்:

மிதுன். கம்பெனி அவனுடையது. சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இரண்டு அறை, ஏழு நாற்காலி.

ரூபினா. நாங்கள் விற்கும் மென்பொருளில் பாதிக்கு மேல் அவள் எழுதியது.

செங்கோட்டையன். தாராபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்.

காளியாத்தாள். அவர் மனைவி. செருப்பில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

நான், கவின். நைட் ஷிப்ட். காலையில் வீட்டுக்குப் போகவிடாமல் உட்கார வைத்திருந்தார்கள்.

முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்குச் செங்கோட்டையனின் ஷெட்டில் விசிறிகள் நின்றுவிட்டன. நாலு பக்கமும் அடைத்த ஷெட், ஏப்ரல் வெயில். உள்ளே சூடு ஏறினால் அவர் போனுக்கு அழைப்புப் போகவேண்டும். அதற்காகத்தான் எங்களிடம் வாங்கினார். அழைப்பு போகவில்லை. தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்த மனிதர் மூன்று மணிக்கு வந்து ஷெட் கதவைத் திறந்திருக்கிறார். முப்பத்துநாலு நாள் வளர்ந்த கோழிகள், ஐயாயிரத்து எண்ணூறு. செத்ததை ஜேசிபி வைத்துக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி மூடிவிட்டு, குளிக்காமல்கூட வந்திருந்தார்கள். ஏசி அறையில் அந்த வாடை நின்றது.

அவர்களுக்கு ஒரு கடிதம் வேண்டும். பண்ணைக்காரனின் கவனக்குறைவு என்று முடிவானால், குஞ்சு கொடுக்கும் கம்பெனி இனி குஞ்சு இறக்காது. தவறு எங்கள் பக்கம், இன்னாரால் நடந்தது என்று மிதுன் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

"போன்ல பச்சைப் பொட்டு இருந்துச்சுங்க," என்றார் செங்கோட்டையன். "சிஸ்டம் ஓடுதுன்னா பச்சைன்னீங்க. குழி வெட்டறப்பவும் பாத்தேன். பச்சையாத்தான் இருக்குது."

மிதுன் ரூபினாவைப் பார்த்தான். அவள் நாற்காலியைக் காளியாத்தாள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கன்டெய்னர்னு ஒண்ணு இருக்குதுங்கம்மா. ஒரு ரூம்னு வெச்சுக்கங்க. அதுக்குள்ள மூணு பேருக்கு வேலை. ஒருத்தன் ஷெட்டுல இருந்து வர்ற சூட்டைக் குறிச்சுக்குவான். ஒருத்தன் உங்க போன்ல காட்டுவான். இன்னொருத்தன் சூடு ஏறுனா உங்களைக் கூப்பிடுவான். மூணு பேரையும் பாத்துக்க ஒரு மேனேஜர்."

"மில்லுல மேஸ்திரியாட்டவா?"

"ஆமாங்க, மேஸ்திரி. எவனாச்சும் விழுந்தா எழுப்பி விடுவான். மூணு தடவை."

"நாலாந்தடவை?"

"விட்டுருவானுங்க."

"யாருகிட்டயும் சொல்ல மாட்டானா?"

"நோட்டுல எழுதி வெப்பான்."

"நோட்டை யாரு கண்ணு படிக்கிறது?"

நோட்டைப் படிக்கும் வேலை என்னுடையது.

"வெளிய இருந்து பாத்தா மேஸ்திரி மட்டுந்தான் தெரிவான்," என்றாள் ரூபினா. "அவன் உசுரோட இருந்தாப் பச்சை. உள்ள கூப்பிடறவன் நாலு நாளாச் செத்துக் கெடந்திருக்கான்."

"உங்க மேஸ்திரி நல்ல மேஸ்திரி போங்க," என்றார் செங்கோட்டையன்.

"இப்படி ஆகும்னுதான் நாலாவதா ஒண்ணு எழுதி வெச்சிருந்தேனுங்க. மேஸ்திரி ஒருத்தனைக் கைவிட்டா, அது மேஸ்திரியையே கொன்னுபோடும். ரூமே சாஞ்சுரும். பச்சை சிவப்பாயிரும், எங்களுக்குப் போன் அடிக்கும். அதை யாரோ எடுத்திருக்காங்க. வியாழக்கிழமை ராத்திரி மூணு பத்துக்கு."

எடுத்தவன் நான்தான்.

அன்று இரவு, அழைப்பு அனுப்பும் சேவைக்கான கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது. கூப்பிடுகிறவன் எழுந்தான், விழுந்தான். மூன்று முறை முடிந்ததும் ரூபினாவின் நாலாவது ஆள் கன்டெய்னரைச் சாய்த்தான். அது தானாக மறுபடி கிளம்பியது, மறுபடி சாய்ந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் என் போன் அலறியது. மிதுனைக் கூப்பிட்டேன். "அந்த நாலாவது எழவைத் தூக்கு, காலைல பாக்கலாம்," என்றான். ஒரே ஒரு வரி. ரூபினாவின் ஃபைலில் அதன் முன்னால் ஒரு குறி போட்டு முடக்கினேன். பச்சை வந்தது. மேசையில் தலை வைத்துத் தூங்கினேன். ஆறு மணிக்கு ரூபினாவுக்கு எழுதிவைத்த குறிப்பில் 'எல்லாம் பச்சை' என்று மட்டும் இருந்தது. உள்ளதை எழுதியிருந்தால் அவள் பத்து நிமிடத்தில் சரிசெய்திருப்பாள். ஆனால் கேள்வி கேட்டிருப்பாள், எனக்கு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

"யாரு எடுத்தது?" என்றாள் காளியாத்தாள்.

எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. இயந்திரத்தில் யார் பெயரும் இருக்காது. மிதுனுக்கு அது தெரியும்.

"அந்த ஃபைல் ரூபினாவோடதுங்க்கா," என்றான். அதில் பொய் இல்லை.

ரூபினா அவனையே பார்த்தாள்.

காளியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏனுங்க தம்பி, கடுதாசியில என்ன வேணாலும் எழுதிக்கங்க. எனக்குப் பேரு சரியா வேணும். வெள்ளிக்கிழமை ஆனைமலை போறேன். மாசாணியாத்தாளுக்கு மொளகா அரைக்கோணும். தப்பான பேரைச் சொல்லி அரைச்சா அது என் தலையிலதான் விடியும்."

மிதுன் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தான். கெடுதல் செய்தவன் பெயரைச் சொல்லி அந்தக் கோயிலில் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவார்கள்; ஆத்தா அவனைத் தண்டிப்பாள். இந்தப் பக்கத்தில் பிறந்தவன் எவனும் அதைக் கேட்டுச் சிரிக்க மாட்டான். மூன்று மாடி வீடு கட்டியவனும் சிரிக்க மாட்டான்.

"சொல்லு அம்மணி. நீ எடுத்தியா?" என்று காளியாத்தாள் ரூபினாவிடம் கேட்டாள்.

"இல்லீங்க," என்றாள் ரூபினா. "மூணு மணிக்கு நான் உக்கடத்துல எங்க ஊட்டுல தூங்கிட்டிருந்தேன். யாரு டியூட்டின்னு ரோஸ்டர்ல இருக்குது. திறக்கட்டுங்களா?"

அவள் கை மவுஸில் இருந்தது. இன்னும் இரண்டு கிளிக். அதற்கு முன்னால் நான் வாயைத் திறந்தேன். திறக்காவிட்டாலும் தெரிந்திருக்கும்.

"நான்தானுங்க எடுத்தேன். மிதுன் சொல்லித்தான் எடுத்தேன்."

"டேய், நான் எப்படா சொன்னேன்?"

"போன்ல."

"காட்டு பாக்கலாம்."

வாட்ஸ்அப் அழைப்பு. அன்று இரவு மூன்று மணி ஆறு நிமிடத்துக்குப் பேசியது காட்டும், என்ன பேசினோம் என்று காட்டாது. எடுத்து நீட்டினேன். காளியாத்தாள் அதைத் தொடவில்லை.

"சரி, ரெண்டு பேரையும் சொல்லியே அரைக்கிறேன்," என்றாள். "பொய் சொல்றவன் எவன்னு ஆத்தாளுக்குத் தெரியும்."

"அக்கா, என்னுங்க்கா இது," என்று மிதுன் எழுந்தான். "ஊட்டுல சம்சாரம் மாசமா இருக்கறா. எம் பேரெல்லாம் அங்க வேண்டாங்க. அண்ணா, நீங்க சொல்லுங்க. லெட்டரை இப்பவே அடிச்சுத் தர்றேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு முத வரியிலயே போடறேன். குஞ்சுக் கம்பெனி மேனேஜர்கிட்ட நானே வந்து பேசறேன்."

செங்கோட்டையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைவிரல் இடுக்குகளிலும் சுண்ணாம்பு.

"காளியாத்தா, மொதலாளி பேரு வேண்டாம். பையன் பேரு போதும்."

"ஏனுங்க, அவந்தான் எடுக்கச் சொன்னானாமா."

"கேட்டேன், கேட்டேன். குஞ்சு எறங்கோணும் புள்ள."

அவள் கணவனைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை. ரேஷன் கடையில் விவரம் கேட்பது போலக் கேட்டாள்.

"உம் பேரென்ன கண்ணு?"

"கவினுங்க."

"அப்பன் பேரு?"

"நாச்சிமுத்து."

"எந்த ஊரு?"

"அன்னூர்ப் பக்கமுங்க."

அவள் உதடுகள் அசைந்தன. மனப்பாடம் செய்கிறாள் என்று புரிந்தது. மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, சரிதானா என்று கேட்டாள். சரிதான் என்றேன்.

மிதுன் கடிதத்தை அடிக்கத் தொடங்கியிருந்தான். 'அனுமதியின்றி ஊழியர் ஒருவர்' என்ற வரி திரையில் தெரிந்தது. தலையைத் தூக்காமலே சொன்னான்: "ரூபினா, அவன் கார்டை வாங்கிட்டுக் கதவைப் பூட்டிட்டு வா. அப்புறம் அந்த நாலாவதைத் திரும்பப் போட்டுரு. எல்லாப் பண்ணைக்கும்."

அவள் வாசல் வரை வந்தாள். பையை மாட்டிக்கொண்டு கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். நன்றி மாதிரி ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருந்தேன்போல. அவள் வேலை தப்பித்திருந்தது அல்லவா.

"ஒரு வரி எழுதியிருக்கலாம்ல, கவின்?" என்றாள். "காலைல. எனக்கு. ஒரே ஒரு வரி."

"மிதுன் சொல்லுவான்னு நெனச்சேன்."

"நெனச்சிருக்க மாட்டே."

ஆமாம், நினைக்கவில்லை.

அவள் என்னைத் தள்ளவில்லை. நான் படிக்கட்டில் கால் வைக்கும் வரை காத்திருந்து கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு சாவி இரண்டு சுற்றுத் திரும்பியது.