எட்டுப் பாட்டன்களின் பசி

வெத்தூரியுஸ் வீட்டின் இறந்துபோன எட்டுப் பாட்டன்களும், திராட்சை அறுவடை முடிந்த மறுவாரம் வாய் திறந்து சாப்பாடு கேட்டார்கள். ரோமாபுரியில் அந்த வாரம் கோதுமை விலை ஏறியிருந்தது, எண்ணெய் விலை அப்படியேதான் இருந்தது. பாட்டன்கள் என்றால் அவர்களுடைய மெழுகு முகங்கள். பெரிய குடும்பத்தில் பதவி வகித்தவர் இறந்தால் முகத்தை மெழுகில் அச்செடுத்து முன்கூடத்து மாடத்தில் வைத்து, சின்ன மரக்கதவு போட்டுச் சாத்திவிடுவார்கள். அன்றைக்கு முதலில் கதவைத் தட்டியவர் மூத்த பாட்டன். கை கிடையாது என்பதால் மூக்கால் தட்டினார். திறந்தவள் சமையல்காரி மிர்தலே. அந்த வீட்டில் இருபது வருஷமாக அடிமை. யாராவது ஒருவர் எதையாவது கொண்டுவரச் சொல்வது அவளுக்குப் புதிதில்லை.

“ஏ புள்ள, கஞ்சி இருக்கா?” என்றார் மூத்தவர்.

“இருக்கு. ஆறிப்போச்சு, பரவாயில்லையா?”

“சூடா எவன் கேட்டான்? ஒரு வெங்காயத்தையும் எடுத்துட்டு வா.”

மூத்தவர் தன் கையாலேயே கிழங்கு தோண்டித் தின்று, ஈட்டி பிடித்து நாலு ஊர்களை ஜெயித்தவர். அவருக்குக் கஞ்சி போதும். அவர் மகன் பாலாடைக்கட்டி கேட்டார். மூன்றாமவருக்குப் பன்றிக்கறி இல்லாமல் இறங்கவில்லை. ஐந்தாமவரிலிருந்து ஏழாமவர் வரை கடல் சிப்பி வேண்டும், அதுவும் உப்பேரிப் பண்ணையில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். எட்டாமவர், அதாவது இப்போதைய எசமான் செர்வியுஸின் சொந்த அப்பா, தேனில் ஊறிய மயில் நாக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஆக்கிய கையால் ஊட்டினால்தான் சாப்பிட்டார்கள். செர்வியுஸ் ஒருநாள் தானே கரண்டியைப் பிடித்தார். எப்படிப் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை, எட்டுப் பேரும் துப்பிவிட்டார்கள். சாப்பிட்டதெல்லாம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. மெழுகுக் கன்னங்கள் உப்பின, மோவாய்க்குக் கீழே மடிப்பு விழுந்தது, மாடக் கதவுகள் மூடாமல் போனதால் தச்சனை அழைத்துக் கழற்றிவிட்டார்கள்.

பூசாரிகள் மூன்று நாள் கூடிப் பேசி, முன்னோர்கள் சாப்பிடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, செலவு குடும்பத்தைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்து, விருந்து முடித்துப் போனார்கள். செர்வியுஸுக்கு அதில் பெருமைதான். மற்ற வீட்டுப் பாட்டன்கள் மாடத்தில் சும்மா கிடக்க, அவர் வீட்டுப் பாட்டன்கள் ஏப்பம் விட்டார்கள். ஆனால் விடியற்காலையில் கும்பிடு போட வரும் ஏழை ஆதரவாளர்களின் கூடையில் விழவேண்டியது மாடத்துக்குப் போனது. ரொட்டி பாதியானது, பிறகு ஆலிவ் காய் மட்டும் விழுந்தது, பிறகு எசமானின் புன்னகை மட்டும். இருநூறு பேர் வந்த வாசலுக்கு நாற்பது பேர் வந்தார்கள். தேர்தலில் செர்வியுஸுக்குக் கிடைத்த ஓட்டும் அவ்வளவே. முதல் வருஷம் மீன்குளத்தை விற்றார், இரண்டாம் வருஷம் தெற்கே இருந்த தோட்டத்தை, மூன்றாம் வருஷம் பல்லக்கை. பல்லக்கு போன பிறகு வெளியே போவதையே நிறுத்திக்கொண்டார். நடந்து போவதை யாரும் பார்த்துவிடக் கூடாதல்லவா.

நாலாம் வருஷம் விற்பதற்கு மிச்சமிருந்தது மிர்தலேயின் மகள் இயாந்தே. பதினான்கு வயசு, தறியில் கெட்டிக்காரி. அடிமை வியாபாரி அடுப்படிக்கே வந்து அவள் பல்லைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை வருவதாகச் சொல்லிப் போனான். மிர்தலே வெட்டிக்கொண்டிருந்த கோசுக்கீரையை வெட்டி முடித்தாள், விரலையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டாள். பிறகு அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். கரண்டியைத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

“ஏய், என்ன இது? அப்பாவுக்குப் பசிக்குதாம்” என்றார் செர்வியுஸ்.

“பசிக்கட்டும் எசமான்.”

“சவுக்கால அடிப்பேன்.”

“அடிங்க. நான் கை ஒடிஞ்சு கிடந்தா அவங்களுக்கு ஊட்ட நீங்கதான் வரணும்.”

செர்வியுஸ் யோசித்தார். ஒரு நாள் பட்டினி கிடந்தால் பாட்டன்கள் யார் கையாலும் சாப்பிட வழிக்கு வருவார்கள் என்று எண்ணினார். மறுநாள் விடிந்ததும் நாற்பது பேரும் கூடையோடு முன்கூடத்தில் நிற்க, வியாபாரியும் வந்து நிற்க, பாட்டன்கள் வாய் திறந்தார்கள். பசித்தவனுக்கு வெட்கம் கிடையாது. நாலாமவர் அலறினார்: “கார்தேஜ்காரன் படையெடுத்து வர்றான்னதும் மாட்டுத் தொழுவத்துல ஒளிஞ்சவன்டா நான்! சாணிக்குள்ள மூணு நாள்! எனக்கா வெற்றி ஊர்வலம் வச்சீங்க? சோறு போடுங்கடா!” ஆறாமவர் அதற்கும் மேலே போனார்: “தெற்குத் தோட்டம் எங்களுதே இல்ல, ஊர்ப் பொதுநிலம்! படைக்குப் போனவன் திரும்பி வர்றதுக்குள்ள வேலியத் தள்ளித் தள்ளிப் போட்டேன்!”

கூட்டத்தில் கிழவர் ஒருவர் கூடையைக் கீழே வைத்தார். “யார் நிலம்? எங்க தாத்தா படையிலிருந்து வந்து பார்த்தப்ப வீட்டுக்கு நடுவுல வேலி போச்சுன்னு சொல்லுவாரு. அதுவா?”

“அதேதான்! ஒரு சிப்பி இருந்தா குடேன்!”

எட்டாமவர் செர்வியுஸின் தாயைப் பற்றி ஏதோ ஆரம்பிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் செர்வியுஸ் அடுப்படிக்கு ஓடினார். அவர் ஓடியதை அந்தக் குடும்பத்தில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. “என்னடி வேணும் உனக்கு?”

“எனக்கும் எம்மகளுக்கும் விடுதலை. இன்னைக்கே, நீதிபதி முன்னால.”

“முதல்ல ஊட்டு.”

“முதல்ல நீதிபதி.”

நடுப்பகலுக்குள் நீதிபதியின் ஆள், விடுதலைக்கு அடையாளமாக, தாய் மகள் இருவர் தலையிலும் கோலால் தொட்டுவிட்டான். இயாந்தே வீடு திரும்பும்வரை தன் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மிர்தலே அடுப்பை மூட்டி எட்டுப் பேருக்கும் ஊட்டினாள். அன்று கஞ்சிதான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

சுதந்திரமானவளுக்குக் கூலி கொடுக்க வேண்டும், செர்வியுஸிடம் காசு இல்லை. ஒரு வாரத்தில் ஹெர்மெரோஸ் வந்தான். அவனும் ஒரு வீட்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவன். கீழே பள்ளத்தில், ஏழைகள் நெருக்கியடிக்கும் சுபூராவில் மூன்று ரொட்டி அடுப்பு, பன்னிரண்டு கழுதைகள். அப்பா யாரென்றே தெரியாது, மகனைத் தேர்தலில் நிறுத்தும் ஆசை மட்டும் உண்டு.

“ஐயா, பாட்டன்களை எனக்குக் குடுத்துடுங்க. வேளாவேளைக்கு நான் போடறேன்” என்றான்.

“ரத்தத்தை விற்க முடியுமாய்யா?”

“மெழுகைத்தானே கேட்டேன்.”

செர்வியுஸ் விடியும்வரை அழுதார், விடிந்ததும் சம்மதித்தார். ஹெர்மெரோஸ் நேரே அடுப்படிக்கு வந்து, “அக்கா, கூலி நீங்க சொல்றதுதான். உங்க ரெண்டு பேருக்கும் ஜன்னல் வச்ச அறை தர்றேன்” என்றான். மாவு வண்டியில் வைக்கோல் பரப்பி எட்டுப் பேரையும் ஏற்றினார்கள். ஐந்தாமவர் மட்டும், குன்றிலிருந்து பள்ளத்துக்கா என்று முணுமுணுத்தார். வழியில் புது ரொட்டி வாசனை வந்ததும் அடங்கினார்.

பாட்டன்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுடைய கூர்மூக்கு சப்பையானது, அடுத்த வருஷம் காது விடைத்தது, மூன்றாம் வருஷம் எட்டுப் பேருக்கும் அச்சாக ஹெர்மெரோஸின் முகம். ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை, சோறு போடுகிறவன் சாயல் வருவது இயல்புதானே என்றார்கள். பூசாரிகள் வந்து பார்த்து, பழைய குடும்பம்தான் என்று சொல்லிச் சாப்பிட்டுப் போனார்கள். மகன் தேர்தலில் ஜெயித்தான். அதன்பிறகு ஹெர்மெரோஸை ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டும், வழக்கம் அப்படி. செர்வியுஸையும் ‘அவர்’ என்பதை நிறுத்த முடியவில்லை, பழக்கதோஷம்.

செர்வியுஸ் வீட்டின் கூரை அந்தக் குளிர்காலத்தில் விழுந்தது. ஒரு விடியற்காலை ரொட்டிக்காரர் வாசலில் கும்பிடு போட நின்ற நூற்றைம்பது பேர் வரிசையில் அவரும் கூடையோடு நின்றார். மிர்தலே ஒரு கையால் பாட்டன்களுக்கு ஊட்டிக்கொண்டே மறு கையால் கூடைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“யாருடா அந்த ஒல்லிப்பிச்சான்? நம்மையே பார்த்து எச்சில் முழுங்குறான்?” என்றார் எட்டாமவர், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

“அக்கம்பக்கத்துல இருந்தவர்ப்பா. நல்ல மனுஷன்” என்றார் ஹெர்மெரோஸ்.

செர்வியுஸ் மாடங்களை வரிசையாக அண்ணாந்து பார்த்தார். பின்னால் யாரோ, “நகருய்யா, நேரமாகுது” என்றார்கள். அவர் கூடையை நீட்டினார்.

“மிர்தலேம்மா, ரொட்டி மட்டும் போதும்.”

அவள் இரண்டு ரொட்டியும் ஒரு கை அத்திப்பழமும் போட்டாள். அவர் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார். முதல் தடவை குனிகிறவர் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே குனிந்துவிட்டார். அடுத்து நின்ற செருப்புத் தைப்பவன் கூடையை நீட்டினான். மூத்தவர் உப்புக் கேட்டார்.