கடதாசி உரிப்பு விழா

ஒரு சமூகம் எவ்வளவு தூரம் பார்க்கிறது என்பதை அதன் ஜன்னல்களே தீர்மானிக்கின்றன.

இரணைமடுக் குளத்து மீனவர் கூட்டமொன்றில் இதை முழங்கிய சங்கத் தலைவர் தவராசாவின் வீட்டில், பிரிட்ஜின் பாதுகாப்பு உறைகூட இன்னும் உரிக்கப்படவில்லை. மோட்டார்சைக்கிள் சீற்றிலும் கடைக்காரன் போட்ட பொலித்தீன்தான். உரித்தால் புதுசு போய்விடுமாம்.

சுற்றுலாப் பயணிகளுக்காகச் சங்கம் ஒரு படகு கட்டியிருந்தது. அதன் முன்ஜன்னலுக்குத் தடித்த பிளாஸ்டிக் தகட்டை வவுனியாவில் வாங்கிவந்து, தானே வெட்டிப் பூட்டுவதாகத் தவராசா ஒற்றைக்காலில் நின்றார்.

"பிழைச்சால் என்ன செய்வியள் அண்ணை?" என்றான் உபதலைவன் ஜெயந்தன்.

"பிழைச்சால் சுக்கானை உன்னட்டத் தாறன். பிறகு நான் அதைத் தொடமாட்டன்."

வெட்டு, உள்ளதைச் சொன்னால், பிழைக்கவில்லை. கீறல் விழாமலிருக்கத் தகட்டின் இரு பக்கமும் ஒட்டியிருந்த கடதாசியின்மேல் கோடு கீறி, சிறுபல் வாளால் ஆறுதலாக அறுத்தார். ஓரங்களைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்து மினுக்கினார். வெயிலுக்குத் தகடு விரியும் என்று ஆணித் துளைகளைக்கூடச் சற்றுப் பெரிதாகவே போட்டார்.

"இனி அந்தக் கடதாசியை உரியுங்கோவன்," என்றாள் மனைவி கமலேஸ்வரி.

"உனக்கென்ன விசரே? கீறல் விழுந்திடும். பிரதம விருந்தினர் வந்து தன்ர கையால உரிப்பார். திரைநீக்கம்!"

பிரதம விருந்தினருக்கு நேரம் கிடைக்கும்வரை படகு குளக்கரையில் வெயில் காய்ந்தது. சித்திரை வெயிலும் போனது, ஆடிக் காற்றும் போனது.

விழாவன்று நாதஸ்வரம் முழங்க, விருந்தினர் கடதாசியின் மூலையைப் பிடித்து இழுத்தார். நகமளவு வந்தது.

"இன்னொருக்கா, சேர்," என்றான் படமெடுப்பவன்.

இன்னொரு நகமளவு வந்தது. பசை வெயிலில் இறுகி, கடதாசியும் தகடும் ஒன்றாகியிருந்தன.

"அண்ணை, வீட்டுப் பிரிட்ஜிலயும் இப்பிடித்தானோ?" என்றான் ஜெயந்தன்.

"பொத்தடா வாயை!" தவராசா மீன் வெட்டும் கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார்.

"கீறல் விழுமெண்டியள்," என்றாள் கமலேஸ்வரி.

விழுந்தது.

படகை இப்போது ஜெயந்தன் ஓட்டுகிறான். ஜன்னலால் எதுவும் தெரியாததால், தவராசா பக்கவாட்டில் தலையை நீட்டி வலம், இடம் சொல்கிறார். தண்ணீர் தெறிக்காமலிருக்கத் தலையில் பொலித்தீன் கட்டியிருக்கிறார். அது மோட்டார்சைக்கிள் சீற்றிலிருந்து உரித்தது.